தம்பூரா எங்கே போனது?

“பிள்ளை, தம்பூரா எங்கே போனது?”

தொலைபேசியை எடுத்ததும் என் பாட்டு ரீச்சர் கேட்ட முதற்கேள்வி இதுதான். சுகம் விசாரிக்கவில்லை, சாப்பிட்டீரா என்று கேட்கவில்லை. அன்று மத்தியானம்தான் அவருடைய கச்சேரியைப் பதிந்த இரண்டு இறுவட்டுகளையும் (சிடி) அவருடைய வீட்டில் கொடுத்துவிட்டு அலுவலகத்துக்குத் திரும்பியிருந்தேன். மாலையில் வீட்டுக்குப் போய் என்னிடமிருந்த பிரதியைப் போட்டுக் கேட்டேன். குரல் இருந்தது, வயலின் இருந்தது, மிருதங்கம் இருந்தது. இவை எல்லாவற்றுக்கும் அடியில் பாய் விரித்ததுபோல் கிடக்க வேண்டிய சுருதியைக் காணவில்லை. குரலின் ஓரங்களில் மட்டும், தண்ணீருக்குள் இருந்து யாரோ பேசுவதுபோல ஏதோ நெளிந்தது.

கடந்த தை மாதம் ரீச்சருக்கு 75 வயது நிறைந்தது. வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் நாற்பது வருடமாகப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவர். வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைக்கு என்னைத் தயார்படுத்தியவரும் அவர்தான். மாணவிகள் சேர்ந்து மண்டபம் எடுத்து விழா வைக்கலாம் என்றோம். மண்டபமும் வேண்டாம், மாலையும் வேண்டாம், வீட்டில் இருந்து பாடுகிறேன், வந்து கேளுங்கள் என்றார். காலி வீதியிலிருந்து கடற்பக்கமாக இறங்கும் ஒழுங்கையில், தொடர்மாடியின் மூன்றாம் தளத்தில் அவருடைய வீடு. தளபாடங்களை எல்லாம் பின்னறைக்குள் தள்ளிவிட்டுப் பாய் விரித்தோம். நாற்பது பேர் முழங்கால் முட்ட உட்கார்ந்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து அவருடைய பழைய வயலின் பக்கவாத்தியக்காரர் இரவு பஸ்ஸில் வந்திறங்கினார். ஒலிபெருக்கி இல்லை. மாணவி ஒருத்தி பின்னால் இருந்து தம்பூரா மீட்டினாள். இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் பாடினார். அந்த வயதில் அந்தக் காம்போதி ராகத்தை நான் எதிர்பார்க்கவில்லை.

பதிவு செய்தவன் என் பெறாமகன். மொறட்டுவையில் பொறியியல் படிக்கிறான். நண்பனிடம் கையடக்க ஒலிப்பதிவுக் கருவி ஒன்றை இரவல் வாங்கிவந்து, ரீச்சருக்கு ஆறடி முன்னால் முக்காலியில் நிறுத்தினான். மின்விசிறிகளை நிறுத்தச் சொன்னதும் அவன்தான். தை மாதம் என்பதால் பிழைத்தோம். 96 கிலோஹேர்ட்ஸ், 24 பிட். அதாவது ஒலியை விநாடிக்கு 96,000 தரம் அளந்து, ஒவ்வோர் அளவையும் 24 பிட்டில் எழுதும் பதிவு. அந்த அளவு ஒவ்வொன்றுக்கும் மாதிரி என்று பெயர்.

இந்தக் காலத்தில் இறுவட்டு எதற்கு, தொலைபேசியில் அனுப்பிவிடலாமே என்று பலர் கேட்டார்கள். ரீச்சருக்குக் கண்ணில் அழுத்தம் கூடி, இப்போது வெளிச்சமும் நிழலும்தான் தெரிகின்றன. தொடுதிரை அவருக்கு வெறும் கண்ணாடித்துண்டு. தலைமாட்டில் இருக்கும் பழைய சிடி பிளேயரின் பொத்தான்களோ அவருடைய விரல்களுக்கு மனப்பாடம். பெரிய பொத்தான் பாடும், அதற்கு வலப்பக்கம் உள்ளது அடுத்த பாட்டுக்குப் போகும். எத்தனையாவது பாட்டு என்று தெரிந்தால் அத்தனை தரம் எண்ணி அழுத்துவார். அந்தப் பெட்டி கணினிக் கோப்புகளை வாசிக்காது. ஒலி இறுவட்டு, அதுவும் விதிப்படி எழுதப்பட்டது, அது ஒன்றைத்தான் வாசிக்கும்.

எனக்கு அப்போது அந்த வேலையில் எதுவும் தெரியாது. பம்பலப்பிட்டியில் ஒரு கடையில் கொடுத்தேன். கடையில் இருந்த தம்பி மிகவும் மரியாதையானவர். “இரைச்சல் எல்லாம் எடுத்துச் சுத்தமாகத் தருகிறேன், அக்கா” என்றார், நானும் மகிழ்ந்து தலையாட்டினேன். அவர் சுத்தம் செய்தது தம்பூராவை.

இரைச்சல் நீக்கும் மென்பொருள் எப்படி வேலை செய்கிறது என்பதைப் பிறகு படித்தேன். பாட்டு இல்லாத ஒரு துண்டை அதற்குக் காட்ட வேண்டும். அதில் விடாமல் கேட்கும் ஒலி எதுவோ அதுவே இரைச்சல் என்று அது கற்றுக்கொள்ளும், பிறகு முழுப் பதிவிலிருந்தும் அதைக் கழித்துவிடும். மேலைநாட்டுப் பதிவில் பாட்டுக்கு முன்னால் இருப்பது அறையின் இரைச்சல். எங்கள் கச்சேரியில் பாட்டுக்கு முன்னால் இருப்பது தம்பூரா. அது தொடங்கிய பிறகுதான் பாடகர் வாய் திறக்கிறார், மங்களம் முடிந்த பிறகுதான் அது ஓய்கிறது. தந்திக்கு அடியில் செருகும் ஜீவ நூலின் மேல் தந்தி பட்டு எழும் அந்த ரீங்காரத்தில் எத்தனையோ மேற்சுரங்கள் அடுக்காக ஒலிக்கும். குரலின் சுரங்களும் அதே இடங்களில்தான் நிற்கின்றன. தம்பூராவைக் கழித்தால் குரலிலும் அதே அளவு பிய்ந்து வரும். தண்ணீருக்குள் பேசுவதுபோல் கேட்டது அதனால்தான்.

இந்த ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டதும் மற்றப் பிழைகளும் வரிசையாகக் கண்ணில் பட்டன. இறுவட்டு எழுதும் கருவிகள் பலவும் இரண்டு பாட்டுக்கு நடுவே மௌனம் இருக்கும் என்ற நம்பிக்கையில் செய்யப்பட்டவை. எங்கள் கச்சேரியில் மௌனம் கிடையாது. நான் அடுத்த மூன்று வாரமும் செய்ததெல்லாம், ஒவ்வொரு கட்டத்திலும் அந்த மௌனத்தை உள்ளே விடாமல் பார்த்துக்கொண்டதுதான்.

பெறாமகனிடம் மூலப்பதிவைக் கேட்டேன். மூன்று கோப்புகள் தந்தான். “கச்சேரி ஒன்றுதானே, தம்பி, கோப்பு ஏன் மூன்று?” என்றேன்.

“2 ஜிபி ஆனதும் கருவி தானாகவே அடுத்த கோப்பைத் தொடங்கிவிடும், சித்தி. நான் வெட்டவில்லை.”

கணக்குப் போட்டுப் பார்த்தேன். கணக்காய்வு நிறுவனத்தில் இருபது வருடம் வேலை செய்பவளுக்கு எண்ணைக் கண்டால் கை சும்மா இருக்காது. 96,000 மாதிரி, ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், இடம் வலம் என இரண்டு தடம்: விநாடிக்கு 576,000 பைட். 2 ஜிபி நிரம்ப 62 நிமிடம் 8 விநாடி ஆகும். முதல் இரண்டு கோப்புகளும் சரியாக 62 நிமிடம் 8 விநாடி, மூன்றாவது ஆறே முக்கால் நிமிடம். மொத்தம் 131 நிமிடம். அந்த 62 நிமிடம் 8 விநாடி எங்கே விழுந்திருக்கிறது என்று பார்த்தபோது நெஞ்சு கனத்தது. காம்போதி ஆலாபனையில் ரீச்சர் நிஷாதத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, மேல் ஸட்ஜத்தைப் பிடிக்கப்போகும் இடம். கடைத்தம்பி கோப்புகளைத் தனித்தனிப் பாட்டுகளாக எடுத்துக்கொண்டு, நடுவில் வழக்கமான இரண்டு விநாடி இடைவெளியையும் வைத்துவிட்டார். நாற்பது பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்த அந்த ஸட்ஜத்துக்கு முன்னால் இரண்டு விநாடி வெறுமை.

உண்மையில் அந்தக் கோப்புகளுக்கு இடையில் ஒரு மாதிரிகூடத் தொலைந்திருக்கவில்லை. கருவி ஒன்றை மூடும்போதே மற்றதைத் திறந்திருந்தது. ஓடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் ஒன்றின் வாலோடு மற்றதன் தலையை முட்டவைத்தேன். ஒன்றன்மேல் ஒன்று ஏற்றவில்லை, இழைத்துக் கலக்கவும் இல்லை. கண்ணை மூடிக் கேட்டேன். ஒட்டிய இடம் எனக்கே தெரியவில்லை. ஆனால் அந்த முழு நீளத்தையும் வேவ் கோப்பாகச் சேமிக்க முடியாது, ஏனென்றால் வேவ் 4 ஜிபிக்கு மேல் போகாது, எங்கள் கச்சேரியோ நாலரை ஜிபி. ஒலியில் எதையும் இழக்காமல் சுருக்கும் ஃபிளாக் வடிவில் வைத்துக்கொண்டேன். தொடாத மூலப்பதிவுகளை மூன்று இடத்தில் பத்திரப்படுத்தினேன், அதில் ஒன்று கொக்குவிலில் அக்கா வீட்டில்.

இனி வெட்டுவது. மென்பொருளில் அமைதியான இடங்களைத் தேடித் தானாகவே பாட்டுப் பிரிக்கும் வசதி இருக்கிறது. முயன்று பார்த்தேன். எங்கள் பதிவில் ஓரிடம்கூட அதற்கு அமைதியாகத் தெரியவில்லை. அளவை ஏற்றிக்கொடுத்ததும் ஆலாபனையின் நடுவே ரீச்சர் மூச்செடுத்த இடங்களை எல்லாம் பாட்டின் முடிவென்று குறித்துக்கொண்டது. அதை மூடிவிட்டுக் ஹெட்போனை மாட்டிக்கொண்டு இருந்தேன். கேட்டுக்கேட்டு, ஒவ்வொரு பாட்டின் தலையிலும் கையால் குறி வைத்தேன்.

எதை நீக்குவது என்பதில் மிகவும் யோசித்தேன். தொடக்கத்தில் ஆட்கள் வந்து அமர்ந்த மூன்றரை நிமிடத்தை எடுத்தேன். மிருதங்கத்துக்குச் சுருதி சேர்த்ததை வைத்துக்கொண்டேன். சஹானா பாடும்போது மாத்தறைப் பக்கமாகப் போன புகையிரதம் ஊதியதையும் வைத்துக்கொண்டேன். அந்த வீட்டில் பாட்டுப் படித்த எவருக்கும் சஹானாவோடு புகையிரதமும் சேர்ந்துதான் ஞாபகத்தில் இருக்கும். தோடி முடிந்து அடுத்த பாட்டு எடுப்பதற்குள் ஒழுங்கைக்குள் பாண் விற்கும் முச்சக்கரவண்டி வந்து, தன் மெட்டை வாசித்துக்கொண்டே நாற்பது விநாடி நின்றுவிட்டது. அதன் சுருதி வேறு, ரீச்சரின் சுருதி வேறு. அது காதைக் குத்தியது. அதை மட்டும் எடுத்துவிடுவது என்று தீர்மானித்தேன்.

நாற்பது விநாடியை எடுப்பது பெரிய வேலை இல்லை, இரண்டு பக்கத்துத் தம்பூராவையும் இணைப்பதுதான் வேலை. தம்பூராவுக்கு நான்கு தந்தியையும் வரிசையாக மீட்டும் சுற்று உண்டு: பஞ்சமம், ஸாரணை, ஸாரணை, மந்தரம். முதல்முறை கண்ணுக்கு வசதியான இடத்தில் வெட்டி ஒட்டியபோது பஞ்சமத்துக்குப் பின்னால் இன்னொரு பஞ்சமம் விழுந்தது. தாளம் தப்பியதுபோல் உடம்பு திடுக்கிட்டது. அலைவடிவத்தை நன்றாகப் பெருப்பித்துப் பார்த்தேன். ஒவ்வொரு தந்தியும் தட்டப்படும் இடத்தில் ஒரு சிறு மேடு, பிறகு நீண்ட சரிவு. வண்டி வருவதற்கு முன் கடைசியாக முழுமைபெற்ற மந்தரத்தின் சரிவில் ஓரிடம், வண்டி போன பிறகு வந்த மந்தரத்தின் சரிவில் அதே உயரமுள்ள இன்னோரிடம். அந்த இரண்டையும் இணைத்து, கால் விநாடி மட்டும் ஒன்றுக்குள் ஒன்று கரையவிட்டேன். மந்தரத்துக்குப் பின் பஞ்சமம் வந்தது. தம்பூரா மீட்டிய பிள்ளைக்கே போட்டுக் காட்டினேன், எந்த இடம் என்று அவளால் சொல்ல முடியவில்லை. அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

ஒலியின் அளவிலும் கை வைக்கும் ஆசை வந்தது. ஒவ்வொரு பாட்டையும் தனித்தனியே உச்ச அளவுக்கு ஏற்றுவது பலருடைய வழக்கம். அப்படிச் செய்தால் மெல்லத் தொடங்கும் ஆலாபனை, மிருதங்கம் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தின் அளவுக்கு உயர்ந்து நிற்கும். ஒரு பாட்டிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது தம்பூராவும் திடீரென்று கூடும், குறையும். ஒரே அறையில், ஒரே இருப்பில் பாடிய கச்சேரி. முழுவதற்கும் சேர்த்து ஒரே அளவாக 2 டெசிபெல் மட்டும் ஏற்றினேன். மிருதங்கத்தின் மிக உரத்த அடிக்கும் மேலே 1 டெசிபெல் இடம் விட்டேன், ஏனென்றால் மாதிரி வேகத்தை மாற்றும்போது உச்சங்கள் சற்று உயரக்கூடும்.

இனி அந்த மாற்றம். இறுவட்டின் விதி 1980இல் சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து எழுதிய சிவப்புப் புத்தகத்தில் உள்ளது: விநாடிக்கு 44,100 மாதிரி, 16 பிட், இரண்டு தடம். ஏன் 44,100 என்ற விசித்திரமான எண் என்று தேடினேன். அந்தக் காலத்தில் எண்முறை ஒலியைச் சேமிக்கக் கையில் இருந்தது வீடியோ நாடா. வீடியோப் படத்தின் ஒவ்வொரு வரியிலும் மூன்று மாதிரி, ஒவ்வொரு புலத்திலும், அதாவது அரைப்படத்திலும், பயன்படக்கூடிய 245 வரிகள், விநாடிக்கு 60 புலங்கள். பெருக்கினால் 44,100. விநாடிக்கு 50 புலங்கள் உள்ள ஐரோப்பிய முறையில் 294 வரிகள், அங்கும் 44,100. கணக்கு இவ்வளவு அழகாகப் பொருந்துவதைப் பார்த்து அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரிக்கும் சொன்னேன்.

96,000இலிருந்து 44,100க்கு வருவது அரைவாசி ஆக்குவதுபோல் இலகுவானது அல்ல. 320 மாதிரிகள் இருந்த நீளத்துக்குள் 147 வர வேண்டும். இரண்டு மாதிரிகளுக்கு இடையில் ஒலி எங்கே இருந்திருக்கும் என்பதை மென்பொருள் கணித்து எழுதுகிறது. அதற்கு முன் 44,100இன் அரைவாசியான 22,050 ஹேர்ட்ஸுக்கு மேல் உள்ளதையும் வடிகட்டிவிட வேண்டும். விட்டால் அவை கீழே மடிந்து, பாட்டில் இல்லாத சுரங்களாக வந்து நிற்கும். மனிதக் காது கேட்பது 20,000 வரை, அதுவும் இளவயதில். ஆகவே இதில் ரீச்சருக்கோ எனக்கோ இழப்பு ஏதும் இல்லை.

கணித்து எழுதுகிறது என்றேனே, அதனால்தான் இந்த வேலையில் வரிசை முக்கியம். நான் முதலில் பாட்டுகளை வெட்டிவிட்டு ஒவ்வொன்றாக மாற்றினேன். துண்டின் விளிம்புக்கு வந்ததும், அதற்கப்பால் ஒன்றுமில்லை, மௌனம்தான் என்று மென்பொருள் எண்ணிக் கணிக்கிறது. அப்பால் தம்பூரா ஒலித்துக்கொண்டிருப்பது அதற்குத் தெரியாது. துண்டுகளைத் தொடர்ந்து போட்டபோது பொருத்துகளில் நகம் தட்டியதுபோல் மெல்லிய சொடுக்கு. முழுக் கச்சேரியையும் ஒரே துண்டாக மாற்றிய பிறகு வெட்டினேன், சொடுக்கு போய்விட்டது.

பிறகு பிட். 24 பிட்டில் ஒலியின் உயரத்தை அளக்க ஒரு கோடியே 67 இலட்சத்துக்கும் மேற்பட்ட படிகள் இருக்கின்றன. 16 பிட்டில் 65,536 மட்டுமே. கீழ்ப்படிகளை அப்படியே வெட்டி எறியலாம். கணக்கில் சதங்களை எல்லாம் ஒரே பக்கமாக வெட்டிக்கொண்டே போனால் என்ன ஆகுமோ அதுவே இங்கும் ஆகும்: பிழை ஒழுங்காகத் திரளும், திரளும் பிழை காதுக்குக் கரகரப்பாகக் கேட்கும். அதைத் தவிர்க்க, குறைப்பதற்கு முன்னால் மிகமிக மெல்லிய இரைச்சலைத் தூவுகிறார்கள். டிதர் என்பது இதன் பெயர். பிழை சிதறி, காது பொருட்படுத்தாத ஒரு மூச்சொலியாக மாறிவிடுகிறது. எங்கள் பதிவில் பெரும்பகுதிக்கு இது தேவையே இல்லை என்றும் சொல்லலாம், கடலிரைச்சலும் நாற்பது பேரின் மூச்சும் அந்தக் கடைசிப் படிகளைவிடப் பெரியவை. ஆனால் முதல் இறுவட்டின் முடிவில் தம்பூராவை எட்டு விநாடியில் படிப்படியாகக் கரைத்திருந்தேன். ஒலியைக் கூட்டிக் கேட்டபோது, டிதர் இல்லாத பிரதியில் அந்தக் கடைசி இரண்டு விநாடி மணலில் உரசியதுபோல் உடைந்தது. டிதர் செய்த பிரதியில் கடைசிவரை தம்பூராவாகவே போய் மறைந்தது. ஒலியைக் கூட்டுவது, கரைப்பது எல்லாவற்றையும் முடித்த பிறகு, கடைசியில், ஒரே ஒருமுறைதான் இதைச் செய்ய வேண்டும்.

பெறாமகன் 96இல் பதிந்ததைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் இறுவட்டுக்காகப் பதியும் எவருக்கும் நான் சொல்வது, 24 பிட்டை விடவேண்டாம், 96 கட்டாயம் இல்லை. 24 பிட் இருந்தபடியால்தான் மிருதங்கம் உடையாமல் அளவைக் குறைத்துப் பதியவும், குரலைப் பிறகு பழுதில்லாமல் ஏற்றவும் முடிந்தது. 48 கிலோஹேர்ட்ஸில் பதிந்திருந்தால் கோப்பு பாதியாகியிருக்கும், காம்போதியும் முறிந்திருக்காது.

காம்போதியைப் பற்றி இன்னும் சொல்ல இருக்கிறது. வெட்டியவை எல்லாம் போக மிஞ்சியது 127 நிமிடம். சாதாரண இறுவட்டில் 80 நிமிடம் கொள்ளும். இரண்டு வட்டுக்கும் சமமாகப் பிரித்தால் 63 நிமிடத்தில் பிரியும், அது காம்போதிக்கு நடுவே. ஆகவே 54 நிமிடத்திலேயே முதல் வட்டை முடித்தேன். இரண்டாவது வட்டுக்கு 73 நிமிடம். அதில் காம்போதி மட்டும் 46 நிமிடம். இரண்டாவது வட்டைப் போட்டதும் முதலில் வருவது அதன் ஆலாபனை, ரீச்சர் எந்தப் பொத்தானையும் எண்ண வேண்டியதில்லை.

இங்கே ஒரு பயம் வந்தது. வெற்று இறுவட்டில் 700 எம்பி என்று போட்டிருக்கிறது, என் 73 நிமிடக் கோப்புகள் 736 எம்பி என்று கணினி காட்டியது. கொள்ளாது என்று நினைத்து மங்களத்தை எடுக்கலாமா என்றுகூட யோசித்துவிட்டேன். கொள்ளும். கணினித் தரவு எழுதும்போது இறுவட்டின் ஒவ்வொரு சட்டகத்திலும் 2,048 பைட்தான் தரவுக்கு, மிச்சம் பிழை திருத்தும் குறிப்புகளுக்கு. ஒலி எழுதும்போது அதே சட்டகத்தின் 2,352 பைட்டும் ஒலிக்கே. ஒலி இறுவட்டுக்கு எம்பியைப் பார்க்கக் கூடாது, நிமிடத்தைப் பார்க்க வேண்டும்.

சட்டகம் என்பதுதான் வெட்டுவதன் கடைசி இரகசியம். இறுவட்டு விநாடியை 75 சட்டகமாகப் பிரிக்கிறது, ஒரு சட்டகத்துக்கு 588 மாதிரி. பாட்டு எப்போதும் ஒரு சட்டகத்தின் வாசலில்தான் தொடங்க முடியும். நீங்கள் வெட்டிய துண்டு சட்டகத்தின் பாதியில் முடிந்தால், மீதிப் பாதியை எழுதும் மென்பொருள் மௌனத்தால் நிரப்பும். விநாடியில் நூறில் ஒரு பங்குகூட வராத மௌனம், ஆனாலும் தம்பூராவின் நடுவே அது ஒரு கீறல். ஓடாசிட்டியில் நேரத்தைக் காட்டும் பெட்டியில் 75 சட்டகக் கணக்கைத் தெரிவுசெய்து, குறிகள் அந்தக் கோடுகளில் மட்டுமே ஒட்டும்படி வைக்கலாம். அப்படி வைத்தேன். எழுதும்போது வட்டு முழுவதையும் ஒரே மூச்சில் எழுதும் முறையைத் தெரிவுசெய்து, பாட்டுகளுக்கு இடையிலான இடைவெளியைப் பூச்சியமாக்கினேன். பாட்டுப் பாட்டாக எழுதும் முறையில்தான் அந்த இரண்டு விநாடி வந்து விழுகிறது.

புறக்கோட்டையில் தேடி வாங்கிய வெற்று வட்டில் முதற்பிரதியை எழுதி, ஞாயிற்றுக்கிழமை காலை ரீச்சரிடம் கொண்டுபோனேன். இரண்டாவது வட்டைப் போட்டார். ஆலாபனை முழுவதையும் அசையாமல் கேட்டார். 62ஆம் நிமிடத்து ஸட்ஜம் வந்தது, இடையில் ஒன்றும் இல்லை. என் கையைப் பிடித்து ஒருமுறை அழுத்தினார். பிறகு பொத்தானை இரண்டு தரம் அழுத்திக் கீர்த்தனைக்குப் போனார். பல்லவி சட்டென்று தொடங்கியது. அவருடைய முகம் மாறியது.

“நான் எடுத்த மூச்சு எங்கே, பிள்ளை?”

குறியைக் குரல் தொடங்கும் இடத்திலேயே வைத்திருந்தேன். அலைவடிவத்தில் அதுதான் தெளிவாகத் தெரிந்த இடம். மூச்சு, முந்தைய பாட்டின் வாலில் போய்விட்டது.

“மூச்சுக்கு முன்னால் வையும். மூச்சு மட்டும் போதாது. தம்பூரா ஒரு சுற்று வரட்டும். சுருதியைக் கேளாமல் பாட்டுக்குள் எப்படிப் போவது?”

வீட்டுக்கு வந்து ஒவ்வொரு குறியையும் முன்னால் நகர்த்தினேன். பஞ்சமத்தில் தொடங்கி மந்தரம்வரை ஒரு முழுச் சுற்று, பிறகு மூச்சு, பிறகு குரல். தொடர்ந்து கேட்பவருக்கு எந்த வித்தியாசமும் இல்லை, ஏனென்றால் குறி மட்டுமே நகர்ந்தது, ஒலி நகரவில்லை. பொத்தானை அழுத்தி வருபவருக்கு மட்டும் வாசலில் தம்பூரா காத்திருக்கும். சில இடங்களில் அந்தச் சுற்றின் மேல் கைதட்டலின் கடைசிச் சத்தம் விழுகிறது. இருக்கட்டும் என்று விட்டேன்.

பாட்டுப் பெயர்களை வட்டுக்குள்ளேயே எழுதும் முறை ஒன்று உண்டு, ஆனால் தமிழ் எழுத்துக்கு அதில் இடமில்லை. உறைக்குள் வைக்கும் அட்டையில் கையால் எழுதினேன். வட்டின்மேல் காகிதம் ஒட்டவில்லை. கடற்காற்றின் ஈரத்துக்குக் காகிதம் கிளம்பிவிடும், வட்டின் தகடு மேற்பக்கத்துப் பூச்சுக்கு அடியிலேயே இருப்பதால் கிளம்பும்போது அதையும் பிய்த்துக்கொண்டு வரும்.

பதினான்கு பிரதிகள் எழுதினேன். வயலின்காரருக்கு உரியதை, காலி வீதியிலிருந்து இரவில் யாழ்ப்பாணம் புறப்படும் பஸ்ஸில் கொடுத்தனுப்பினேன். காம்போதியை ஐந்தாகப் பிரித்திருக்கிறேன்: குரலின் ஆலாபனை, வயலினின் ஆலாபனை, கீர்த்தனை, நிரவலும் கற்பனாஸ்வரமும், தனி ஆவர்த்தனம். அவருடையது இரண்டாவது என்று அட்டையில் கோடிட்டு அனுப்பினேன்.

நேற்றுப் பின்னேரம் ரீச்சர் வீட்டுக்குப் போனபோது மிருதங்கம் வாசித்த தம்பியும் வந்திருந்தார். தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. ரீச்சர் எழுந்து தலைமாட்டுப் பக்கம் கையை நீட்டி, பெரிய பொத்தானை அழுத்தினார். பிறகு வலப்பக்கப் பொத்தானை ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று வாய்விட்டு எண்ணி அழுத்தினார். தம்பூரா ஒரு சுற்று வந்தது.

“இப்போது கேளும்” என்றார்.